ஷேர்பாயிண்ட் ஃபோல்டர் திறக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் தொழிற்சாலை, டவுனுக்குள் தலைமை அலுவலகம், கே.கே.நகரில் ஆடிட்டர். மூன்று இடத்துக்கும் ஒரே பர்ச்சேஸ் ஆர்டர், ஒரே ஸ்டாக் கணக்கு, ஒரே சம்பளப் பட்டியல். பென் டிரைவில் போட்டு டூவீலரில் ஆள் அனுப்பிய காலம் போய், இப்படி நடக்கும் நிறுவனங்கள் பலவும் ஃபைல்களை ஷேர்பாயிண்டில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையவழி ஃபைல் சேமிப்பு இடத்தில், வைத்துக்கொள்கின்றன. நல்ல வசதிதான். ஆனால் ஃபோல்டர் பெர்மிஷனில் சிக்கல் வந்தால் வேலை அப்படியே நின்றுபோகும். அதில் அதிகம் அவதிப்படுவது கீழ்மட்டத்தில் இருப்பவர்கள். மேனேஜருக்கு ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றால் உடனே ஐடி ஆள் வந்து நிற்பார். ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்த பையன் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அரை நாள் சும்மா உட்கார்ந்திருப்பான்.

இதற்கு எல்லா அலுவலகங்களிலும் சொல்லப்படும் கைவைத்தியம் ஒன்று உண்டு: "அவருக்கு ஃபுல் கண்ட்ரோல் குடுத்து விட்டுருங்க." தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபோல்டர் திறந்துவிடும், உண்மைதான். ஆனால் ஏன் மூடியது என்பது கடைசிவரை தெரியாது. ஃபுல் கண்ட்ரோல் வாங்கியவர் அடுத்தவர்களின் பெர்மிஷனையும் மாற்றலாம், ஃபோல்டரையே அழிக்கலாம். இன்றைக்கு ஒரு சிக்கலை மூடப்போய் நாளைக்குப் பெரிய சிக்கலைத் திறந்துவிடுவீர்கள். எந்த வழியாக ஒருவருக்கு அனுமதி வருகிறது, அது எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. அதைக் கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது பெரும்பாலும் இரண்டு கிளிக்தான்.

முதலில் அமைப்பு

ஷேர்பாயிண்டில் ஒரு சைட் (ஒரு பிரிவுக்கோ வேலைக்கோ என்று ஒதுக்கும் தனி இடம்) உருவாக்கினால் அதோடு மூன்று குழுக்கள் வரும். ஓனர்ஸ் குழுவுக்கு ஃபுல் கண்ட்ரோல், மெம்பர்ஸ் குழுவுக்கு எடிட், விசிட்டர்ஸ் குழுவுக்கு ரீட். சைட்டுக்குள் லைப்ரரி (ஃபைல் அலமாரி மாதிரி), லைப்ரரிக்குள் ஃபோல்டர், ஃபோல்டருக்குள் ஃபைல். நீங்கள் எதையும் தொடாத வரை மேலே கொடுத்த அனுமதி கீழே தானாக இறங்கும்.

கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கண்மாயிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். நடுவில் ஒரு வயலின் மடையை அடைத்தால் ஏற்கெனவே பாய்ந்த தண்ணீர் அந்த வயலில் நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு கண்மாய் நிரம்பி வழிந்தாலும் அங்கே ஒரு சொட்டு போகாது. ஒரு ஃபோல்டரில் ‘ஸ்டாப் இன்ஹெரிட்டிங் பெர்மிஷன்ஸ்’ அழுத்தினால் நடப்பது இதுதான். அந்த நிமிடம் யார் யாருக்கு அனுமதி இருந்ததோ அது அப்படியே நகலாகி நிற்கும். அதற்குப் பிறகு லைப்ரரியில் தனியாக யாரைச் சேர்த்தாலும், எந்தப் புதிய குழுவைப் போட்டாலும் அந்த ஃபோல்டருக்கு வராது. அங்கேயே நீக்கினாலும் இங்கே நீங்காது. ஏற்கெனவே நகலாகி நிற்கும் குழு ஒன்றுக்குள் ஆளைச் சேர்த்தாலோ எடுத்தாலோ மட்டும் இங்கேயும் தெரியும், ஏனென்றால் குழு அதே குழுதான்.

இந்த அறுப்பு நீங்கள் பட்டனை அழுத்தினால்தான் நடக்கும் என்றில்லை. ஒரு ஃபைலில் ‘ஷேர்’ போட்டுக் குறிப்பிட்ட ஒருவருக்கு லிங்க் அனுப்பினாலும் அந்த ஃபைல் தனி பெர்மிஷனுக்குப் போய்விடும். ‘ஏற்கெனவே ஆக்சஸ் உள்ளவர்களுக்கு’ என்ற வகை லிங்க் மட்டும் பெர்மிஷனைத் தொடாது. அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் ஃபைல் அனுப்ப அந்த வகையைப் பழக்கிவிட்டாலே பாதிச் சிக்கல் குறையும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான கருவி ஒன்று இருக்கிறது. ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ‘மேனேஜ் ஆக்சஸ்’ போங்கள். அதில் மேலே இருக்கும் மூன்று புள்ளியிலிருந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போகலாம். பழைய காலத்துத் தோற்றத்தில் ஒரு பக்கம் திறக்கும். பயப்பட வேண்டாம், உண்மையைச் சொல்வது அந்தப் பக்கம்தான். மேலே மஞ்சள் பட்டையில் இந்த ஃபோல்டர் மேலிருந்து பெர்மிஷன் வாங்குகிறதா, தனியாக நிற்கிறதா என்று எழுதியிருக்கும். அங்கேயே ‘செக் பெர்மிஷன்ஸ்’ பட்டன் இருக்கும். சம்பந்தப்பட்டவரின் பெயரைப் போட்டு அழுத்துங்கள். என்ன அனுமதி, எந்தக் குழு வழியாக வந்தது என்று வரி வரியாகக் காட்டும். ‘எடிட், மெம்பர்ஸ் குழு வழியாக’ என்று வந்தால் ஒரு கதை. ‘ரீட், நேரடியாகக் கொடுத்தது’ என்று வந்தால் வேறு கதை. ‘நன்’ என்று வந்தால் முற்றிலும் வேறு கதை. இதைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

"நேத்து வரைக்கும் திறந்துச்சு, இன்னைக்குத் திறக்க மாட்டேங்குது"

அதிகம் வரும் அழைப்பு இது. மாதத்தின் 20-ஆம் தேதி நெருங்கும்போது, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் அவசரத்தில், இன்னும் அதிகமாக வரும். அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா ஒருவரோடு பேசியது இப்படிப் போகும்:

"தம்பி, பர்ச்சேஸ் ஃபோல்டரைத் தொட்டா ரெக்வெஸ்ட் ஆக்சஸ்னு கேக்குதுப்பா."

"அக்கா, மேல வலது ஓரத்துல வட்டத்துக்குள்ள என்ன எழுத்து இருக்கு?"

"‘எஸ்’னு இருக்கு. ஏம்ப்பா, என் பேரு மீனால்ல? இது காலையில இங்க உக்காந்திருந்த தம்பியோட லாகின்ல இருக்கு!"

வேறு அக்கவுண்டில் நுழைந்திருப்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய காரணம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் கம்ப்யூட்டர்களிலும், பல கிளையன்ட்டுகளின் ஐடி வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இது சகஜம். பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து, சரியான ஐடியில் நுழைந்து, அதே லிங்கைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தால் பெர்மிஷனில் கோளாறு இல்லை.

திறக்கவில்லை என்றால் செக் பெர்மிஷன்ஸ். ‘நன்’ என்று வந்து, மஞ்சள் பட்டையில் ஃபோல்டர் தனி பெர்மிஷனில் இருப்பதாகக் காட்டினால், யாரோ அறுத்திருக்கிறார்கள், அல்லது ஏற்கெனவே அறுந்திருந்த இடத்திலிருந்து இவரை எடுத்திருக்கிறார்கள். யார் செய்தது என்று சண்டைக்குப் போவதற்கு முன் ஏன் செய்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும்: சப்ளையர் ரேட் வெளியே தெரியக்கூடாது, வங்கிக் கணக்கு விவரம் உள்ளே இருக்கிறது என்பது போல. காரணம் இன்னும் இருக்கிறது என்றால் அந்த ஃபோல்டரின் பட்டியலில் இவரைச் சேருங்கள். தனியாளாகச் சேர்க்காமல் பொருத்தமான குழு வழியாகச் சேருங்கள். காரணம் போய்விட்டது என்றால் ‘டெலிட் யூனிக் பெர்மிஷன்ஸ்’ அழுத்துங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், ஃபைல் எதுவும் அழியாது. ஃபோல்டர் மறுபடி மேலிருந்து பெர்மிஷன் வாங்க ஆரம்பிக்கும். ஆனால் அந்த ஃபோல்டரில் தனியாகக் கொடுத்த அனுமதிகளும் லிங்குகளும் போய்விடும். எனவே அழுத்தும் முன் அந்தப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செக் பெர்மிஷன்ஸ் ‘எடிட்’ என்று தெளிவாகக் காட்டுகிறது, சரியான ஐடிதான், ஆனாலும் ஆக்சஸ் டினைடு வருகிறது. ஆளை விழிபிதுங்க வைக்கும் நிலை இது. இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அவரை மைக்ரோசாஃப்ட் 365 குழுவில் இப்போதுதான் சேர்த்தீர்களா? குழு மாற்றம் ஷேர்பாயிண்டுக்கு வந்து சேரச் சிறிது நேரம் பிடிக்கும். வெளியேறி மறுபடி நுழையச் சொல்லுங்கள், பொறுத்துப் பாருங்கள். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து நேரடியாகவும் அனுமதி கொடுத்தால் அது பிற்பாடு யாருக்கும் நினைவில்லாத ஒட்டாக அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது, அவர் ஒருமுறை வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவரா? திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டு ஊரோடு இருக்கலாம் என்று திரும்பி வருபவர்கள் நம் பக்கம் உண்டு. பழைய ஐடியை அழித்துவிட்டு, அதே பெயரில் புதிய ஐடி உருவாக்கியிருப்பார்கள். மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். ஆனால் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. சைட் பழைய ஆளையே நினைவில் வைத்துக்கொண்டு புதியவரை விரட்டும். எத்தனை முறை பெர்மிஷன் கொடுத்தாலும் இது தீராது. சைட்டின் பயனர் பட்டியலிலிருந்து பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரின் உதவிப் பகுதியில் இந்த அடையாளப் பொருத்தமின்மையைச் சோதிக்க என்றே ஒரு சோதனை இருக்கிறது. அட்மின் உரிமை உள்ளவர் அதை ஓட்டினால் போதும்.

‘ரெக்வெஸ்ட் ஆக்சஸ்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊழியர் அந்தப் பட்டனை அழுத்தினால் கோரிக்கை சைட் ஓனருக்கோ, செட்டிங்ஸில் குறித்த மின்னஞ்சலுக்கோ போகும். அந்த ஓனர் ஒரே ஆளாக இருந்து, சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க ஆற்றுப்பக்கம் போய்விட்டால், கேட்டவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எந்த சைட்டுக்கும் குறைந்தது இரண்டு ஓனர்கள் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சல் அந்தக் கட்டத்தில் இன்னும் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"சைட் திறக்குது, அந்த ஃபோல்டர் மட்டும் காணோம்"

ஷேர்பாயிண்ட் ஒருவருக்கு அனுமதி இல்லாததைப் பூட்டிக் காட்டாது, காட்டவே காட்டாது. தேடினாலும் வராது. எனவே ‘காணோம்’ என்று ஒருவர் சொன்னால் அழிந்துவிட்டது என்று பதறாதீர்கள். அனுமதி உள்ள இன்னொருவரின் திரையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேலே சொன்ன வழிதான்.

பெர்மிஷன் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட ஃபைல் மட்டும் தெரியவில்லை என்றால் காரணம் வேறு. லைப்ரரியில் ‘செக் அவுட்’ (திருத்துவதற்காக ஃபைலை ஒருவர் தன் பெயரில் எடுத்து வைப்பது) கட்டாயம் என்று வைத்திருந்தால், புதிதாக ஏற்றிய ஃபைல் ஏற்றியவர் ‘செக் இன்’ செய்து விடுவிக்கும்வரை அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். "நான் காலையிலேயே போட்டுட்டேன் சார்" என்று அவர் சத்தியம் செய்வார். "ஒண்ணுமே இல்லையே" என்று இவர் சொல்வார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. லைப்ரரி செட்டிங்ஸில் செக் இன் ஆகாத ஃபைல்களைக் காட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. ஏற்றியவர் விடுப்பில் போயிருந்தால் நிர்வாகி அங்கே போய் ஃபைலைத் தன் பெயருக்கு எடுத்துச் செக் இன் செய்யலாம். அதேபோல, ஒப்புதல் முறை வைத்திருக்கும் லைப்ரரியில் ஒப்புதல் வராத வரைவைப் படிக்க மட்டும் அனுமதி உள்ளவர்கள் பார்க்க முடியாதபடி வைக்கலாம். தரச் சான்றிதழுக்கான ஆவணங்கள் வைக்கும் தொழிற்சாலைகளில் இந்த அமைப்பு பயன்படும். அங்கே ஆடிட் நாளில் பழைய பதிப்பே திறக்கிறது என்றால் பெர்மிஷனைத் தொடாதீர்கள். ஒப்புதல் கொடுக்க வேண்டியவரைத் தேடுங்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. ஃபோல்டர் லிங்கைத் தொட்டால் திறக்கும். சைட்டின் முகப்புக்குப் போனால் விரட்டும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுக்கும்போது மேல் அடுக்குகளில் ‘லிமிடெட் ஆக்சஸ்’ என்ற ஒன்று தானாகச் சேரும். அது கடந்துபோவதற்கான அனுமதி, உட்கார்ந்து பார்ப்பதற்கானது இல்லை. இது கோளாறே அல்ல. நேரடி லிங்கைப் பிரவுசரில் புக்மார்க் செய்து கொடுத்துவிடுங்கள். பெர்மிஷன் பக்கத்தில் லிமிடெட் ஆக்சஸ் என்று ஒரு பெயர் கிடக்கிறதே என்று யாரும் அதை நீக்கிவிட வேண்டாம்.

"திறக்குது, ஆனா திருத்த முடியல"

செக் பெர்மிஷன்ஸில் ‘ரீட்’ மட்டும் வந்தால், அவர் விசிட்டர்ஸ் குழுவில் இருக்கிறார், அல்லது பார்க்க மட்டும் அனுமதிக்கும் லிங்கில் வந்திருக்கிறார். குழுவை மாற்றினால் முடிந்தது. ‘எடிட்’ இருந்தும் திருத்த முடியவில்லை என்றால் வேறு யாரோ அந்த ஃபைலைச் செக் அவுட் செய்து வைத்திருக்கலாம். ஃபைல் ஐகானிலேயே அடையாளம் தெரியும்.

கம்ப்யூட்டரில் ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்ட் செயலி வழியாக லைப்ரரியை சிங்க் செய்து (அதே ஃபைல்கள் கம்ப்யூட்டரிலும் தெரியும்படி இணைத்து) வைத்திருப்பவர்களுக்கு ஃபைல் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் தெரிந்தால், அது படிக்க மட்டும் என்று பொருள். இங்கே ஒரு நுணுக்கம்: அவருக்கு எடிட் அனுமதி இருந்தாலும், லைப்ரரியில் செக் அவுட் கட்டாயம் என்று இருந்தாலோ, கட்டாயம் நிரப்ப வேண்டிய விவரக் கட்டம் (column) ஏதும் இருந்தாலோ, ஒப்புதல் முறை இருந்தாலோ சிங்க் படிக்க மட்டுமான நிலைக்குப் போய்விடும். அப்போது பிரவுசரில் திறந்தால் திருத்த முடியும். பெர்மிஷனைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தாலும் பூட்டு போகாது. மாற்ற வேண்டியது லைப்ரரியின் அமைப்பை.

"பாக்கக் கூடாதவங்க பாக்குறாங்க"

ஃபோல்டர் திறக்கவில்லை என்று பத்துப் பேர் கூப்பிடுவார்கள். தேவையில்லாமல் திறக்கிறது என்று யாரும் கூப்பிடுவதில்லை. அதனால்தான் இந்த அறிகுறிக்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன். சம்பளப் பட்டியல், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் நகல், மருத்துவச் சான்று, இப்படி ஒரு எச்ஆர் ஃபோல்டருக்குள் இருப்பது ஒரு மனிதரின் அந்தரங்கம். தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் சம்பளப் பிடித்தம் எவ்வளவு, எதற்காக என்பது டிஸ்பாட்ச் பிரிவுக்குத் தெரிய எந்தக் காரணமும் இல்லை. அவர் நம்மை நம்பித்தான் அந்தக் காகிதங்களைக் கொடுத்தார்.

தெரியவந்த உடனே காரணம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் மூடுங்கள். ஃபோல்டரில் இன்ஹெரிட்டன்ஸை, அதாவது மேலிருந்து பெர்மிஷன் இறங்குவதை, நிறுத்தி, தேவைப்பட்ட இரண்டு மூன்று பேர் தவிர எல்லோரையும் எல்லாக் குழுக்களையும் நீக்குங்கள். பிறகு மேனேஜ் ஆக்சஸில் லிங்குகள் பகுதிக்குப் போய் அங்கே இருக்கும் எல்லாவற்றையும் அழியுங்கள். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டு லிங்கை விட்டுவைத்தால் பின்வாசல் திறந்தே கிடக்கிறது. ஃபோல்டருக்குள் தனியாக அறுந்து நிற்கும் ஃபைல்கள் இருக்கலாம். மேலே மூடியது அவற்றைத் தொடாது. லைப்ரரியின் பெர்மிஷன் பக்கத்தில், தனி பெர்மிஷன் உள்ளவை சில இருக்கலாம் என்று ஒரு அறிவிப்பும் அவற்றைக் காட்டும் ஒரு இணைப்பும் வரும். அதைத் தொட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மூடிய பிறகு காரணம். நான் இந்த வரிசையில் பார்ப்பேன். ‘எவ்ரிஒன் எக்செப்ட் எக்ஸ்டர்னல் யூசர்ஸ்’ என்ற பெயர் எந்தக் குழுவிலாவது உட்கார்ந்திருக்கிறதா? அது நிறுவனத்தில் ஐடி உள்ள அத்தனை பேரையும் குறிக்கும். யாரும் கையால் சேர்க்காமலும் அது வரும்: மைக்ரோசாஃப்டின் குழு உரையாடல் செயலியான டீம்ஸில் ஒரு டீம் உருவாக்கும்போது ‘பப்ளிக்’ என்று வைத்தால், அதன் பின்னால் இருக்கும் சைட்டின் மெம்பர்ஸ் குழுவில் இந்தப் பெயர் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். டீமை ‘பிரைவேட்’ ஆக மாற்றுவதுதான் தீர்வு. அடுத்தது, ‘நிறுவனத்தில் உள்ள எவரும்’ வகை லிங்க். ஒருவருக்கு அனுப்பியது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனால், அலுவலக ஐடி உள்ள எல்லோருக்கும் அது திறக்கும். ‘எனிஒன்’ வகை இன்னும் மோசம், அதற்கு ஐடியே வேண்டாம். எச்ஆர், அக்கவுண்ட்ஸ் வைத்திருக்கும் சைட்டில் அந்த வகையை அட்மின் அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, மெம்பர்களே பகிர்வது. வழக்கமான அமைப்பில் மெம்பர்ஸ் குழுவில் உள்ளவர்கள் ஃபைலையும் ஃபோல்டரையும் மற்றவர்களுக்குப் பகிரலாம். சைட் பெர்மிஷன்ஸில், மெம்பர்கள் எப்படிப் பகிரலாம் என்ற இடத்தில், ஓனர்கள் மட்டும் பகிரலாம் என்று மாற்ற வழி இருக்கிறது. முக்கியமான சைட்டுகளில் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

என் உறுதியான கருத்து: சம்பளத்தை ஒரு பொது லைப்ரரிக்குள் ஒரு ஃபோல்டராக வைத்து, அதை மட்டும் பூட்டுவது சரியான முறை இல்லை. எச்ஆருக்குத் தனி சைட், குறைந்தபட்சம் தனி லைப்ரரி வேண்டும். பூட்டு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு எளிதாக அதைக் கண்காணிக்கலாம். ஃபோல்டருக்கு ஃபோல்டர் அறுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் யாருக்கு எது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஷேர்பாயிண்டும் அதைத் தாங்காது. ஒரு லைப்ரரியில் தனி பெர்மிஷன்களுக்கு 50,000 என்பது உச்ச வரம்பு. 5,000-க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. 1,00,000-க்கு மேல் ஃபைல்கள் சேர்ந்துவிட்ட லைப்ரரியிலோ ஃபோல்டரிலோ இன்ஹெரிட்டன்ஸை அறுக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. பல வருட பில்களை ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் கொட்டும் அலுவலகங்கள் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட வாய்ப்புண்டு. எனவே பெர்மிஷனை முடிவு செய்துவிட்டுக் கொட்டுங்கள்.

"ஆடிட்டருக்கு அனுப்பின லிங்க் திறக்கலையாம்"

வெளியாளுக்கு அனுப்பும்போது மூன்று கதவுகள் இருக்கின்றன. நிறுவனம் முழுமைக்கான அமைப்பில் வெளியார் பகிர்வு திறந்திருக்க வேண்டும்; அந்த சைட்டிலும் திறந்திருக்க வேண்டும்; லிங்கின் வகையும் வெளியாரை அனுமதிக்க வேண்டும். சைட் அமைப்பு நிறுவன அமைப்பைத் தாண்ட முடியாது, ஆகவே முதல் கதவு மூடியிருந்தால் மற்றதில் தட்டிப் பயனில்லை.

மூன்றும் சரி என்றால், எந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினீர்கள், எதில் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆடிட்டரின் பெயரில் உள்ள முகவரிக்கு அனுப்பியிருப்பீர்கள். அவர் அதை ஜூனியருக்கு ஃபார்வர்ட் செய்திருப்பார். ஜூனியர் தன் ஐடியில் திறந்து பார்ப்பார். குறிப்பிட்டவர்களுக்கான லிங்க் அவர்களுக்கு மட்டும்தான் திறக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஜூனியரின் முகவரியைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். செப்டம்பர் 30 நெருக்கத்தில், டாக்ஸ் ஆடிட் அவசரத்தில், "எனிஒன் லிங்க் போட்டு விட்ருங்க தம்பி" என்று சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள்.

டீம்ஸில் பிரைவேட் சேனல் ஃபைல்

டீமில் ஓனராக இருந்தும் ஒரு சேனலின் ஃபைல் திறக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் பிரைவேட் சேனல். அதற்கென்று தனி சைட் பின்னால் இருக்கிறது. அந்தச் சேனலில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அது திறக்கும். டீம்ஸிலேயே சேனலில் ஆளைச் சேருங்கள். அந்த சைட்டுக்குள் போய்ப் பெர்மிஷனைத் தொட வேண்டாம்.

"யாரோ ஃபோல்டரையே அழிச்சுட்டாங்க"

முதலில் ரீசைக்கிள் பின். அழித்ததிலிருந்து 93 நாள் வரை திரும்ப எடுக்கலாம். சாதாரண பின்னில் இல்லை என்றால் அடியில் இரண்டாம் நிலை பின் இருக்கிறது. நிர்வாகி அங்கே பார்க்கலாம். திரும்ப எடுத்தால் ஃபோல்டர் பழைய இடத்துக்கே போகும்.

பிறகு, அழிக்க முடிந்தது எப்படி என்று பாருங்கள். எடிட், அதற்கு ஒரு படி கீழான கான்ட்ரிபியூட் ஆகிய இரண்டு நிலைகளிலுமே ஃபைலை அழிக்கும் உரிமை இருக்கிறது. எடிட் நிலையில் லைப்ரரியையே அழிக்கலாம், அதனால் தினசரி வேலை பார்ப்பவர்களுக்குக் கான்ட்ரிபியூட் போதும் என்று நான் நினைக்கிறேன். ஏற்றலாம், திருத்தலாம், அழிக்க மட்டும் கூடாது என்றால், கான்ட்ரிபியூட்டை நகலெடுத்து, அதில் ‘டெலிட் ஐட்டம்ஸ்’ டிக்கை எடுத்துவிட்டு, ஒரு புதிய பெர்மிஷன் லெவல் உருவாக்கலாம். பெயரை எல்லோருக்கும் புரியும்படி வையுங்கள். அழித்தவர் யார் என்று கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல். பெரும்பாலும் அது சிங்க் செய்த கம்ப்யூட்டரில் இடம் பற்றாமல் ஒருவர் அறியாமல் அழித்ததாக இருக்கும். தன் கம்ப்யூட்டரில் அழித்தால் எல்லோருக்கும் அழியும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அவர் வேலையை விட்டுப் போயிட்டார், இப்ப ஃபைல் திறக்கல"

போனவர் ஃபைல்களைத் தன் சொந்த ஒன்டிரைவில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் லிங்க் கொடுத்திருந்தால், அவர் ஐடி அழிந்ததும் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. வழக்கமான அமைப்பில் அந்த ஒன்டிரைவ் 30 நாள் வரைதான் இருக்கும். அட்மின் அதற்குள் மேலாளருக்கு அனுமதி கொடுத்து, ஃபைல்களைப் பொது லைப்ரரிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு பழைய லிங்குகளை நம்ப வேண்டாம். புதிய இடத்தின் லிங்கை எல்லோருக்கும் அனுப்புங்கள்.

ஐடியை அழிக்காமல், வேறு பிரிவுக்கு மட்டும் மாறியவர்களிடம்தான் இன்னும் கவனம் வேண்டும். மெம்பர்ஸ் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். இடையில் யாராவது அவர் பெயரை ஏதோ ஒரு ஃபோல்டரில் நேரடியாகச் சேர்த்திருந்தால் அந்த அனுமதி அங்கேயே இருக்கும். அக்கவுண்ட்ஸிலிருந்து சேல்ஸுக்குப் போனவருக்கு இரண்டு வருடம் கழித்தும் பேங்க் ஸ்டேட்மென்ட் திறக்கும். அவர் மாறும் அன்றே, அவர் வேலை பார்த்த ஒவ்வொரு லைப்ரரியிலும் தனியாக அறுந்து நிற்கும் ஃபோல்டர்களிலும் செக் பெர்மிஷன்ஸில் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். ‘நேரடியாகக் கொடுத்தது’ என்று வரும் ஒவ்வொரு வரியையும் நீக்குங்கள், ‘நன்’ என்று வரும்வரை.